பல்லுக்குள் வைக்கும் சிமெண்ட்: எக்ஸ்-ரேயில் தெரிந்தால் மட்டும் போதுமா?

ரூட் கெனால் சிகிச்சைக்குப் போயிருக்கிறீர்களா? வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போது 'எம்டிஏ' என்ற சொல் காதில் விழுந்திருக்கலாம்.

அது ஒரு சிமெண்ட்.

கட்டடம் கட்டுவாங்களே, அந்த சிமெண்ட்டா? கிட்டத்தட்ட அதே குடும்பம்தான். முதன்முதலில் சந்தைக்கு வந்த எம்டிஏ-வில் சுமார் 75 விழுக்காடு போர்ட்லண்ட் சிமெண்ட். உங்கள் வீவக புளோக்கைத் தாங்கி நிற்பதும் அந்த வகைதான். மீதியில் 5 விழுக்காடு ஜிப்சம், 20 விழுக்காடு பிஸ்மத் ஆக்சைடு.

சிக்கல் எல்லாம் அந்த 20 விழுக்காட்டில்தான் இருக்கிறது.

பல்லுக்கு ஏன் சிமெண்ட்?

சொத்தையை அடைக்கும் பொருள் வேறு, இது வேறு. பல்லின் வேரில் ஓட்டை விழுந்தால், வேரின் நுனியை வெட்டி அடைக்க வேண்டியிருந்தால், அடிபட்ட சிறுவனின் பல்லில் வேர் முழுதாக வளராமல் நுனி திறந்தே இருந்தால், அங்கெல்லாம் பழுதுபார்க்கப் பயன்படுவது இந்த சிமெண்ட். அதன் ஒரு பக்கம் பல், மறுபக்கம் உயிருள்ள திசு, எலும்பு, இரத்தம். வாயிலிருந்து எளிதில் எடுத்துவிட முடியாது. பல் இருக்கும்வரை அதுவும் உள்ளேயே இருக்கும்.

அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் தலைமையிலான குழு இதை உருவாக்கியது. முதல் ஆய்வுக் கட்டுரை 1993இல் வந்தது. 1998இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. ஈரத்தில் இறுகும் என்பதுதான் இதன் பெரிய பலம். வேரின் நுனி எப்போதும் ஈரமாகத்தானே இருக்கும்!

சரி, சிமெண்ட் போதாதா? பிஸ்மத் எதற்கு?

மருத்துவரால் வேரின் நுனியைக் கண்ணால் பார்க்க முடியாது. வைத்த சிமெண்ட் ஓட்டையை முழுதாக அடைத்ததா, நடுவில் இடைவெளி இருக்கிறதா, வேரைத் தாண்டி எலும்புக்குள் வழிந்துவிட்டதா என்று எக்ஸ்-ரே எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் போர்ட்லண்ட் சிமெண்ட் எக்ஸ்-ரேயில் பல்லைப் போலவே மங்கலாகத் தெரியும். பல் எது, சிமெண்ட் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

கனமான அணுக்கள் எக்ஸ்-ரே கதிர்களை அதிகம் தடுக்கும். கால்சியத்தின் அணு எண் 20. பிஸ்மத்தின் அணு எண் 83. அதனால் பிஸ்மத் கலந்த சிமெண்ட் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

'பளிச்சென்று' என்பதை எப்படி அளப்பது?

இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அவ்வளவு எளிமை. சிமெண்ட்டைக் குழைத்து 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறிய வட்டத் தகடாக இறுக வைக்கிறார்கள். பக்கத்தில் படிக்கட்டு வடிவில் வெட்டிய அலுமினியத் துண்டு. ஒவ்வொரு படியும் முந்தியதைவிடக் கொஞ்சம் தடிமன். இரண்டையும் ஒரே எக்ஸ்-ரேயில் படம் பிடித்து, சிமெண்ட்டின் வெண்மை எந்தப் படியின் வெண்மைக்குச் சமம் என்று பார்ப்பார்கள்.

ரூட் கெனால் அடைப்புப் பொருள்களுக்கான ஐஎஸ்ஓ 6876 தரநிலை குறைந்தது 3 மில்லிமீட்டர் அலுமினியம் என்கிறது. பழுதுபார்க்கும் சிமெண்ட்டுகளையும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டை வைத்தே எடைபோடுகிறார்கள். 1 மில்லிமீட்டர் அலுமினியம் தடுக்கும் அளவும், அதே தடிமனுள்ள பல்லின் உட்பகுதி தடுக்கும் அளவும் ஏறக்குறைய ஒன்று. அப்படின்னா சிமெண்ட் பல்லைவிடச் சுமார் மூன்று மடங்கு தெளிவாகத் தெரிய வேண்டும். வெறும் போர்ட்லண்ட் சிமெண்ட் வாங்கும் மதிப்பெண் ஏறக்குறைய 1. பிஸ்மத் கலந்த எம்டிஏ 7ஐத் தாண்டியது.

ஃபுல் பாஸ். ஆனால் அது ஒரு பாடத்தில் மட்டும்தான்.

அடுத்த பாடம்: உயிரணுக்கள்

பாதுகாப்புச் சோதனை ஆய்வகத் தட்டில் தொடங்குகிறது. சிமெண்ட்டை, உயிரணு வளர்ப்புத் திரவத்தில், நம் உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸில், வழக்கமாக ஒரு நாள் ஊற வைக்கிறார்கள். அதிலிருந்து என்னவெல்லாம் கசிகிறதோ அது திரவத்தில் சேரும். பிறகு அந்தத் திரவத்தை உயிரணுக்கள்மேல் ஊற்றுகிறார்கள். எலியின் இணைப்புத் திசுவிலிருந்து வந்த உயிரணுக்கள் இதற்கு அடிக்கடி பயன்படுகின்றன.

எத்தனை பிழைத்தன என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிரோடிருக்கும் அணுக்கள் அதை ஊதா நிறமாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு உயிர். சிமெண்ட் படாத தட்டோடு ஒப்பிடும்போது ஊதாவின் அளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால், அந்தப் பொருள் உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று ஐஎஸ்ஓ 10993-5 தரநிலை சொல்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அப்போதுதான் குழைத்த எம்டிஏ-வின் காரத்தன்மை, பிஎச் அளவில் 10.2. மூன்று மணி நேரத்தில் 12.5. அவ்வளவு காரத்தில் பக்கத்தில் இருக்கும் உயிரணுக்கள் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஆனால் அதே காரம்தான் கிருமிகளையும் ஒடுக்குகிறது, கடினத் திசு உருவாகவும் துணைபுரிகிறது. மேலும், தட்டில் இருக்கும் திரவம் அப்படியே தேங்கி நிற்கும். உடலில் இரத்த ஓட்டம் கசிவை நீர்த்துப்போகச் செய்யும். எனவே "சிமெண்ட் உயிரணுக்களைக் கொல்கிறது" என்ற தலைப்போடு சமூக ஊடகத்தில் ஏதாவது வந்தால், சோதித்தது ஈரமான சிமெண்ட்டா, இறுகிய சிமெண்ட்டா, எத்தனை நாள் கழித்து என்று முதலில் பாருங்கள். தட்டில் தேறினாலும் அதோடு முடிவதில்லை. விலங்குச் சோதனை, நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வு என்று அடுத்த படிகள் இருக்கின்றன.

அப்புறம், கடையில் கிடைக்கும் கட்டட சிமெண்ட்டைப் பல்லில் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். பல் சிமெண்ட்டுக்கு ஆர்செனிக், ஈயம் போன்றவற்றுக்கும் வரம்பு உண்டு. நீர் சேர்த்துக் குழைக்கும் பல் சிமெண்ட்டுகளுக்கான தரநிலையில் ஆர்செனிக் கிலோகிராமுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மூட்டையில் வரும் சிமெண்ட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பிஸ்மத் மேல் என்ன புகார்?

முதலில், நிறம். ஆரம்ப எம்டிஏ சாம்பல் நிறம். முன்பல்லில் வைத்தால் அது வெளியே தெரிந்தது. 2002இல் வெள்ளை எம்டிஏ வந்தது. பிரச்சினை முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. ரூட் கெனாலைக் கழுவப் பயன்படுத்தும் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது வீட்டில் வெளுக்கப் பயன்படுத்தும் பிளீச்சின் உறவுக்காரர். அது பிஸ்மத் ஆக்சைடோடு சேர்ந்தால் வெள்ளை சிமெண்ட் கறுத்துவிடும். பல்லையே கறுக்க வைக்கும். வலி இல்லை, கிருமி இல்லை, எக்ஸ்-ரே அருமை. ஆனால் சிரித்தால் ஒரு பல் மட்டும் கருமை. இருபது வயதுக்காரரிடம் "சிகிச்சை வெற்றி" என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்து, வலு. பிஸ்மத் ஆக்சைடு கூடக்கூட சிமெண்ட்டில் நுண்துளைகள் அதிகரித்து, அழுத்தம் தாங்கும் சக்தி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உயிரணுக்களுக்கு அது எவ்வளவு உகந்தது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

அதனால் புதிய சிமெண்ட்டுகள் பிஸ்மத்தைக் கைவிடத் தொடங்கின. பிரான்சின் செப்டோடான்ட் நிறுவனம் தயாரிக்கும் பயோடென்டினில் சிர்கோனியம் ஆக்சைடு இருக்கிறது. வேறு சிலவற்றில் டான்டலம் ஆக்சைடு. பயோடென்டின் சுமார் 12 நிமிடத்தில் இறுகும் என்கிறது நிறுவனம். முதல் எம்டிஏ-வுக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். நிறமும் அவ்வளவாக மாறாது.

ஆனால் சிர்கோனியத்தின் அணு எண் 40தான். பிஸ்மத்தில் பாதிகூட இல்லை. அலுமினியப் படிக்கட்டில் வைத்துப் பார்த்த சில ஆய்வுகளில் பயோடென்டினுக்கு 4 மில்லிமீட்டர் வரை கிடைத்தது. வேறு சிலவற்றில் 3ஐக்கூடத் தொடவில்லை. எக்ஸ்-ரே கருவி, தூளுக்கும் நீருக்கும் உள்ள விகிதம், தகட்டின் தடிமன் எல்லாமே எண்ணை மாற்றும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று விட்டுப்போகிறது. ஒரே ஒரு சோதனை முடிவைப் பார்த்து எந்த சிமெண்ட்டையும் நம்பாதீர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

சிங்கப்பூரில் இத்தகைய பொருள்கள் மருத்துவச் சாதனங்களாகச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. ஆகவே பயப்பட வேண்டியதில்லை. கேள்வி கேட்கலாம். முன்பல் என்றால், எந்த சிமெண்ட், அதில் பிஸ்மத் இருக்கிறதா, பல் கறுக்குமா என்று சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். கடைவாய்ப் பல்லில் நிறம் பெரிய விஷயம் இல்லை. அங்கே மருத்துவர் எதைத் தெளிவாகப் பார்க்க முடியும் என்பதே முக்கியம். மீண்டும் எக்ஸ்-ரே எடுக்க வரச் சொன்னால் தட்டிக் கழிக்காதீர்கள். ஒரு சிறிய பல் எக்ஸ்-ரேயின் கதிர்வீச்சு, சுமார் ஒரு நாளில் இயற்கையாகவே நமக்குக் கிடைக்கும் அளவுதான்.

படத்தைத் திரையில் காட்டும்போது வேருக்குள் நீளமாக, மெல்லியதாக ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது சிமெண்ட் இல்லை, கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற அடைப்பு. அதன் நுனியிலோ வேரின் பக்கவாட்டிலோ சின்னத் திட்டாக ஒரு வெள்ளை இருந்தால், அதுதான் நீங்கள் தேடும் சிமெண்ட்.