உறைவெதிர்ப்பியும் முறிமருந்தும் (குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சை)

குருதிக்குழாயை இடுக்கியால் அடைத்துத் திறந்து தைக்கும்போது, ஓட்டம் நின்ற குருதி உள்ளேயே உறையாமல் காக்கும் மருந்து உறைவெதிர்ப்பி. வேலை முடிந்ததும் அதன் செயலை அடக்குவது முறிமருந்து. பேச்சுவழக்கில் 'இரத்தத்தைத் தண்ணியாக்கிற மருந்து' என்பார்கள். உண்மையில் குருதி நீர்த்துப்போவதில்லை. உறையும் திறன்தான் தடைப்படுகிறது. இத்துறையில் நெடுங்காலமாக நிலைத்திருக்கும் இணை ஹெப்பரினும் புரோட்டமினும் ஆகும்.

ஹெப்பரின்

1916இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வில்லியம் ஹவலின் ஆய்வுகூடத்தில் மாணவராக இருந்த ஜே மக்லீன், குருதியை உறையவைக்கும் பொருளைத் தேடினார். நாயின் ஈரலிலிருந்து அவர் பிரித்தெடுத்த சாறு நேர்மாறாக உறைவைத் தடுத்தது. ஈரலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஹவல் 1918இல் 'ஹெப்பரின்' என்ற பெயரைச் சூட்டினார். தொடக்ககால ஹெப்பரினில் கலந்திருந்த மாசுகளால் அதை மனிதருக்கு ஏற்ற முடியவில்லை. 1930களில் ரொறன்ரோவில் சார்ள்ஸ் பெஸ்ட் குழுவினரும் ஸ்ரொக்ஹோமில் எரிக் யோர்ப்பெஸும் அதைத் தூய்மைப்படுத்தினர். ரொறன்ரோவின் கோர்டன் மறே, சுவீடனின் கிளாரன்ஸ் கிராபூர்ட் ஆகிய சத்திரசிகிச்சை நிபுணர்கள் அதை நோயாளரிடம் பயன்படுத்தத் தொடங்கினர். 1953 மே 6இல் ஜோன் கிபன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு திறந்த இதயச் சத்திரசிகிச்சையை வெற்றிகரமாகச் செய்ததும் ஹெப்பரினின் பலத்தில்தான்.

புரோட்டமின்

முறிமருந்தின் கதை ஹெப்பரினுக்கும் முந்தியது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பிரெட்ரிக் மீஷர், ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்திலிருந்து 1874இல் புரோட்டமினைப் பிரித்தெடுத்தார். அறுபதாண்டுகளுக்கு மேலாக அதற்கு ஹெப்பரினோடு தொடர்பிருப்பதை எவரும் அறியவில்லை. 1937இல் எர்வின் சார்காபும் கென்னத் ஒல்சனும் புரோட்டமின் ஹெப்பரினின் செயலை முறிப்பதைக் கண்டனர். ஹெப்பரினில் எதிர்மின்னேற்றம் மிகுதி. ஆர்ஜினைன் நிறைந்த புரோட்டமினில் நேர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஹெப்பரின் செயலிழக்கிறது.

இதற்கு ஓராண்டு முன்னர், 1936இல், டென்மார்க்கின் ஹகடோர்ன் இன்சுலின் மெதுவாகக் கரைவதற்காக அதில் புரோட்டமினைச் சேர்த்திருந்தார். அவ்வகை இன்சுலினை நெடுநாள் போட்டவரின் உடல் புரோட்டமினுக்கு எதிராக ஏற்கெனவே கூருணர்வு பெற்றிருக்கலாம். சத்திரசிகிச்சையின்போது ஒவ்வாமை எழக்கூடும். கால் நாடி அடைபட்டு வருவோரில் நீரிழிவுக்காரர் பலர் என்பதால் இந்த எச்சரிக்கை ஏட்டோடு நிற்பதில்லை. மீன் ஒவ்வாமை உள்ளவரையும் இதற்காகவே முன்கூட்டி விசாரிப்பார்கள்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில்

நாடியை அடைப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஹெப்பரின் ஏற்றப்படும்: பெரியவருக்கு 5,000 அலகு, அல்லது உடல் எடையில் கிலோவுக்கு 70 முதல் 100 அலகு வரை. ஹெப்பரின் போதிய அளவு வேலைசெய்கிறதா என அறிய, 1966இல் ஹற்றர்ஸ்லி அறிமுகப்படுத்திய சோதனை இன்றும் உண்டு. உறைவைத் தூண்டும் தூள் இட்ட குழாயில் சிறிது குருதி விட்டு, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். குழாய்ச் சத்திரசிகிச்சைக்கு 200 விநாடிக்கு மேலும், இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு 400க்கு மேலும் வேண்டும்.

இடுக்கியை எடுத்ததும் தையல் துளைகளிலிருந்து குருதி கசியும். சில நேரம் துணியால் அழுத்திப் பிடித்தாலே போதும். போதாதபோது 100 அலகு ஹெப்பரினுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில் புரோட்டமின் தரப்படும். அதை மெதுவாகவே ஏற்றவேண்டும்; விரைந்து ஏற்றினால் குருதியழுத்தம் சரியும். முழுதாக முறிப்பதா, பாதி முறிப்பதா, தானே தணிய விடுவதா என்பதில் நிபுணரிடையே ஒருமித்த கருத்து இல்லை. புதிதாகத் தைத்த குழாயில் உறைகட்டி அடைத்துக்கொள்ளும் அச்சமே காரணம். மூலக்கூற்று நிறை குறைந்த ஹெப்பரின் வகைகளைப் புரோட்டமினால் முழுதாக முறிக்க முடியாது.

குளிசைகள்

கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோல் தின்ற மாடுகள் குருதி பெருகி இறந்ததை ஆராய்ந்த விஸ்கொன்சினின் கார்ல் லிங்க் குழு, அதற்குக் காரணமான பொருளை 1939இல் பிரித்தெடுத்தது. அவ்வழியில் வந்த வார்பரின் 1948இல் எலிப்பாசாணமாக விற்பனைக்கு வந்தது; 1954இல் மனிதருக்கும் உறைவெதிர்ப்பியாக அனுமதிக்கப்பட்டது. இதன் முறிமருந்து உயிர்ச்சத்து கே. அது வேலைசெய்யப் பல மணிநேரம் பிடிக்கும்; அவசரமெனில் உறைவுக் காரணிகளைச் செறிவாகவோ குருதித் திரவவிழையமாகவோ ஏற்றவேண்டும். புதிய குளிசையான டபிகற்றானுக்கு 2015இல் தனி முறிமருந்து வந்தது.

மூலப்பொருளும் வழங்கலும்

ஹெப்பரின் முன்பு மாட்டு நுரையீரலிலிருந்தும் எடுக்கப்பட்டது. 1990களில் மாட்டு மூளைநோய் அச்சம் பரவியபின் பன்றிக் குடலே முதன்மையாயிற்று. பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2008இல் கலப்படம் செய்யப்பட்ட ஹெப்பரின் அமெரிக்காவில் மரணங்களை விளைவித்தது. இலங்கையின் புத்தளம், கல்பிட்டி போன்று முஸ்லிம்கள் செறிந்த இடங்களில் இம்மூலம் சமயக் கேள்வியாகிறது. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில், மாற்று இல்லாதபோது விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது இஸ்லாமியச் சட்டத்தின் பொது நெறி.

புத்தளம் கரையோரம்

ஏ-3 வீதி வழியே புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். காலில் திடீரென நாடி அடைபட்டால் தசை தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய ஆறு மணிநேரம். உறைகட்டி மேலும் வளராதிருக்க, தடையேதும் இல்லையெனில், நோயாளரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்புமுன்பே ஹெப்பரின் கொடுப்பது மருத்துவ நடைமுறை.

உறைவெதிர்ப்பு இக்கரையோரத்து உயிரினங்களிலும் உண்டு. அட்டையின் உமிழ்நீரில் ஹிருடின் உள்ளது. 1884இல் ஹேகிராப்ற் இதைக் கண்டார். பெயரில் மட்டும் உறவான கடலட்டையின் உடற்சுவரிலும் உறைவைத் தடுக்கும் சர்க்கரைச் சேர்மம் உண்டு. கல்பிட்டிக் கடலில் மூழ்கி எடுக்கும் கடலட்டை, அவித்து உலர்த்தி ஏற்றுமதியாகிறது.

கரையோர வறள்நிலத்தில் வாழும் சுருட்டை விரியனின் நஞ்சு உறைவுப் புரதங்களைத் தூண்டித் தூண்டிச் செலவழித்துவிடும். அதனால் கடியுண்டவரின் குருதி உறையாமற் போகக்கூடும். கண்ணாடிக் குழாயில் சிறிது குருதி எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் முறிமருந்தான நஞ்செதிர்ச் சீரம் வேண்டும். இலங்கையில் அது இந்தியத் தயாரிப்பே. புரோட்டமின் நிமிடங்களில் முறிக்கும். சீரமோ நஞ்சை மட்டுமே கட்டும், செலவான பைபிரினோஜன் என்னும் உறைவுப் புரதத்தை ஈரல் மறுபடி ஆக்க மணிக்கணக்காகும். இதே பாம்பினத்தின் நஞ்சிலிருந்து பெறப்படும் எகாரின், உடலில் டபிகற்றான் எவ்வளவு என்று அளக்கும் உறைவுச் சோதனையில் வினைபொருளாகப் பயன்படுகிறது.