எல்எஸ்3/5ஏ ஒலிபெருக்கி

எல்எஸ்3/5ஏ என்பது பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமான பிபிசி 1970களின் முற்பகுதியில் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக வடிவமைத்த சிறிய கண்காணிப்பு ஒலிபெருக்கி ஆகும். வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளில் அறிவிப்பாளரின் குரலைச் சரிபார்ப்பதற்காக உருவான இது, பின்னர் வீட்டில் இசை கேட்போரிடையே பெரும் புகழ் பெற்றது. மிகுந்த உரப்பையும் ஆழ்ந்த தாழ் அதிர்வெண் ஒலியையும் இதனால் தர இயலாது. எனினும் மனிதக் குரலை இயல்பு கெடாமல் தருகிறது. ஆகவே, ஒலிபெருக்கித் தேர்வில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

பெயர்

'எல்எஸ்' என்பது 'லவுட்ஸ்பீக்கர்' என்னும் சொல்லின் சுருக்கம். '3' என்பது வெளிப்புற ஒலிபரப்புக்கான கருவி வகையையும், '5' மாதிரி எண்ணையும், 'ஏ' திருத்தப்பட்ட வடிவத்தையும் குறிக்கின்றன.

வரலாறு

பிபிசியின் ஆய்வுத் துறை, ஒலிக்கூடங்களின் ஒலிப்பண்பை அவற்றின் சிறிய மாதிரிகளைக் கொண்டு ஆராய்ந்து வந்தது. அந்த ஆய்வுக்காகச் செய்யப்பட்ட சிறு ஒலிபெருக்கியின் தரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அதே காலத்தில், பெரிய ஒலிபெருக்கிகளை வைக்க இடமில்லாத ஒலிபரப்பு வண்டிகளுக்கு ஒரு சிறிய கருவி தேவைப்பட்டது. இவ்வாறு எல்எஸ்3/5 உருவானது. அதில் பயன்பட்ட ஒலி இயக்கிகளின் தன்மை மாறியதால் வடிவமைப்பு திருத்தப்பட்டு எல்எஸ்3/5ஏ ஆயிற்று. ஆர்வுட், வாட்டன், மில்ஸ் ஆகியோர் இதன் வடிவமைப்பை விளக்கி எழுதிய பிபிசி ஆய்வறிக்கை 1976இல் வெளியானது.

பிபிசி உரிமம் வழங்கியதால் ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஆர்பெத், கெஃப் முதலிய நிறுவனங்கள் இதனைத் தயாரித்து விற்றன. ஒரே வரைபடத்தைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் ஒரே ஒலிபெருக்கியைத் தயாரித்தது இதன் தனிச்சிறப்பாகும்.

அமைப்பு

* அளவு: ஏறத்தாழ 30 x 19 x 16 செ.மீ. உட்கொள்ளளவு சுமார் 5 லிட்டர்.
* தாழ், நடு அதிர்வெண் இயக்கி: கெஃப் பி110. இதன் கூம்பு பெக்ஸ்ட்ரீன் என்னும் நெகிழியால் ஆனது.
* உயர் அதிர்வெண் இயக்கி: கெஃப் டி27. இது 19 மி.மீ. குவிமாடம் கொண்டது. பெட்டியின் விளிம்புகளில் ஒலி சிதறுவதைக் குறைக்க இதனைச் சுற்றிக் கம்பளிப் பட்டைகள் ஒட்டப்பட்டுள்ளன.
* பிரிப்புச் சுற்று: மின்தூண்டிகள், மின்தேக்கிகள், மின்தடைகள் ஆகியவற்றால் ஆனது. சுமார் 3,000 ஹேர்ட்ஸில் ஒலியைப் பிரித்து இரு இயக்கிகளுக்கும் அனுப்புவதுடன், பி110இன் மிகை ஒலிப்பையும் இது சமன் செய்கிறது.
* மின்மறுப்பு: தொடக்கத்தில் 15 ஓம். 1980களின் பிற்பகுதியில் வந்த வடிவத்தில் 11 ஓம்.

பெட்டியின் சுவர்கள் தடித்த பலகையால் ஆனவை அல்ல. மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகையின் உட்புறத்தில் அதிர்வு உறிஞ்சும் தகடுகள் ஒட்டப்பட்டுள்ளன. பலகை அதிர்வதை முற்றிலும் தடுக்க முயலாமல், அவ்வதிர்வைக் குரல் எளிதில் கெடாத தாழ் அதிர்வெண்ணுக்கு நகர்த்தித் தணிப்பதே பிபிசி பொறியாளர்கள் பின்பற்றிய முறையாகும்.

குரலே அளவுகோல்

ஒலிபெருக்கிகளை அளவுகருவிகளால் சோதிப்பதோடு பிபிசி பொறியாளர்கள் நின்றுவிடவில்லை. தமக்கு நன்கு பழக்கமான ஒருவரின் பேச்சை நேரிலும் ஒலிபெருக்கி வழியாகவும் மாறி மாறிக் கேட்டு ஒப்பிட்டனர். இசைக்கருவி ஒன்றின் உண்மையான ஒலி கேட்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நெருங்கியவரின் குரலில் சிறு மாற்றம் ஏற்பட்டாலும் காது அதனைக் கண்டுகொள்ளும். கடையில் ஒலிபெருக்கி வாங்குவோரும் இம்முறையைப் பின்பற்றலாம். அதிரும் இசையைவிட, பழகிய பாடகர் ஒருவரின் எளிய பதிவே குறைகளை விரைவில் வெளிப்படுத்தும்.

வரம்புகள்

பெட்டி சிறியது என்பதால் சுமார் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ் ஒலி விரைவாகக் குறைகிறது. கித்தாரின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 82 ஹேர்ட்ஸ் ஆதலால் இவ்வரம்புக்குள் அடங்கும். டபுள் பேஸ் கருவியின் மிகத் தாழ்ந்த சுரமான 41 ஹேர்ட்ஸ் முழு வலிமையுடன் கேட்காது. எனினும் இதற்கு மேலுள்ள பகுதி சற்றுத் தூக்கலாக அமைந்திருப்பதால், பெட்டியின் அளவுக்கு மீறிய நிறைவு இருப்பதாகக் காதுக்குத் தோன்றும்.

இதன் உணர்திறன் சுமார் 83 டெசிபெல் மட்டுமே. 89 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஒலிபெருக்கியின் உரப்பை எட்ட, பெருக்கியின் மின்னழுத்தம் 2 மடங்காக வேண்டும். மேலும், 8 ஓமுக்கு 50 வாட் தரும் பெருக்கி, அதே மின்னழுத்தத்தில் 15 ஓமுக்கு ஏறத்தாழ 27 வாட் மட்டுமே தரும். எனவே பெரிய கூடத்தில் உரக்கக் கேட்க விரும்புவோருக்கு இது ஏற்றதன்று. வலிந்து ஒலிக்கச் செய்தால் சிறிய இயக்கிகள் பழுதாகக்கூடும்.

வீட்டில் பயன்படுத்தும் முறை

சிறிய அறையில், 2 மீட்டர் அளவு தொலைவில் அமர்ந்து கேட்பதற்கு இது பொருத்தமானது. இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளில் இருப்பது நல்ல தொடக்கமாகும். உறுதியான தாங்கிகளின் மேல், உயர் அதிர்வெண் இயக்கி அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்குமாறு வைக்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் தாழ் ஒலி மிகுந்து குரல் கனத்துக் கேட்கும். சிறிது சிறிதாக முன்னே நகர்த்தித் தெளிவான இடத்தைக் கண்டறியலாம். சரியான இடத்தில், பாடகர் இரு பெட்டிகளுக்கும் நடுவே நின்று பாடுவது போன்ற உணர்வு கிடைக்கும்.

பிற்காலம்

1990களின் இறுதியில் கெஃப் இயக்கிகளின் உற்பத்தி நின்றதால் எல்எஸ்3/5ஏ தயாரிப்பும் முடிவுக்கு வந்தது. பழைய இணைகளின் விலை உயர்ந்தது. 15 ஓம் வடிவமா, 11 ஓம் வடிவமா சிறந்தது என்பதில் ஆர்வலரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பழையதை வாங்குவோர், இரு பெட்டிகளும் ஒரே இணையைச் சேர்ந்தவையா, இயக்கிகள் மாற்றப்பட்டுள்ளனவா என்பவற்றைச் சரிபார்க்க வேண்டும். இணை பொருந்தாவிட்டால் நடுவில் ஒலிக்க வேண்டிய குரல் ஒரு பக்கமாக விலகும்.

பி110, டி27 ஆகிய இயக்கிகளை கெஃப் நிறுவனத்தில் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் பின்னர் தொடங்கிய ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ், 2010களில் பிபிசி உரிமத்துடன் எல்எஸ்3/5ஏ ஒலிபெருக்கியை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது.