பூங்கா நகரும் தோட்டத்து மக்களும்: கொழும்பின் பசும்பாதைகள் பற்றிய வரலாற்று நோக்கு

நகரின் நடுவே மரநிழற் பாதையொன்றை அமைப்பது பெரும்பாலும் அழகியற் பிரச்சினையாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. ஆயின், நகரநிலத்தில் யார் வாழலாம் என்னும் வினாவிலிருந்து அதனைப் பிரித்து நோக்குதல் இயலாது. கொழும்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கொழும்பின் இடப்பெயர்களிலேயே இம்முரண்பாடு பொதிந்துள்ளது. கறுவாத்தோட்டம் செல்வரின் மாளிகைகள் நிறைந்த பகுதி. 'வத்தை' அல்லது 'தோட்டம்' என்னும் அதே சொல் நகரத் தொழிலாளரின் நெருக்கமான குடியிருப்புகளையும் குறிக்கின்றது. கொட்டாஞ்சேனை என்பதிலுள்ள 'சேனை' பயிர்நிலத்தை நினைவூட்டுவது. அதன் அருகே, ஒல்லாந்தர் மொழியிற் பூக்களின் பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் புளூமெண்டால், பிற்காலத்தில் நகரின் குப்பை மலையாயிற்று.

இம்மாற்றம் தற்செயலானதன்று. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1885இல் முடிவுற்ற அலைதடுப்புச் சுவர் கொழும்பைப் பெருந்துறைமுகமாக்கிற்று. செல்வர் வடபகுதியை விட்டுத் தெற்கே பெயர்ந்தனர். துறைமுகத் தொழிலாளர் கொட்டாஞ்சேனையிலும் அதன் அயலிலும் நெருங்கி வாழ்ந்தனர். பசுமை மூலதனத்தைப் பின்தொடர்ந்து தெற்கே சென்றது எனலாம்.

1921இல் கொழும்புக்கான நகரத் திட்ட அறிக்கையை வரைந்த பற்றிக் கெடிஸ், அதனைக் 'கீழைத்தேயத்தின் பூங்கா நகர்' ஆக்கக் கனவு கண்டார். எடின்பரோவின் வறியோர் குடியிருப்புகளிடையே வெற்றுநிலங்களைத் தோட்டங்களாக்கியவர் அவர். 1915இல் மதுரை உள்ளிட்ட சென்னை மாகாண நகரங்கள் பற்றி எழுதிய அறிக்கைகளில், குடியிருப்புகளை முற்றாக இடிப்பதை எதிர்த்து, இயன்றவரை பேணிச் சீர்செய்யும் முறையை வற்புறுத்தினார். குடியேற்ற அரசின் அழைப்பில் வந்தவராயினும், அவரது முறையில் மக்கள்சார்பு இருந்தது. நாம் கவனிக்கவேண்டியது இதுவே: பூங்கா நகர் என்னும் பெயரைக் கொழும்பின் ஆளும் வர்க்கம் தனதாக்கிக்கொண்டது, முறையைக் கைவிட்டது.

2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. நகரை அழகுபடுத்தல் என்பதன் பெயரால் சுதந்திரச் சதுக்கச் சூழலிலும் கால்வாய்க் கரைகளிலும் நடைபாதைகள் தோன்றின. அதே காலத்தில் 68,000இற்கு மேற்பட்ட தோட்டக் குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றி, அவர்களின் நிலத்தை முதலீட்டுக்கு விடுவிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்களாகும். இது கொழும்புக்கு மட்டும் உரியதன்று. நியூயோர்க்கில் 2009இல், கைவிடப்பட்ட உயர்மட்ட இருப்புப் பாதையில் திறக்கப்பட்ட பூங்காவும் சுற்றுப்புற நிலத்தின் விலையை உயர்த்திற்று.

இதனாற் பசும்பாதையே வேண்டாம் என நாம் கூறவில்லை. மரநிழல் அதிகம் தேவைப்படுவது வெயிலிற் சுமை தூக்குபவனுக்கும், காற்றுப் புகாத அறையிற் பிள்ளை வளர்ப்பவளுக்குமே. வடக்கே களனி கங்கையையும் தெற்கே வெள்ளவத்தைக் கடல்முகத்தையும் இணைக்கும் கால்வாய்த் தொடர் அத்தகைய பாதைக்கு இயற்கையான வழியாக ஏற்கெனவே உள்ளது. 2018இல் ராம்சார் ஈரநில நகராகவும் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. எனவே இல்லாதது நிலமன்று.

அப்பாதை புளூமெண்டாலிலிருந்து தொடங்கவேண்டும். கரையில் வாழ்வோரின் நில உறுதி முதலில் எழுதப்படவேண்டும். முதல் மரம் அதன் பின்னரே நடப்படவேண்டும். இவ்வொழுங்கு தலைகீழானால், நிழல் வளர்வதற்குள் அதன்கீழ் இருக்கவேண்டியவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டிருப்பர்.