நாலு இஞ்சா, ஆறு இஞ்சா: ஒரு தூசிக் குழாயின் வரலாறு

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "வீட்டுல சின்னதா மரவேலைப் பட்டறை போடுறேன், தூசி உறிஞ்சுற மெஷினுக்கு என்ன குழாய் போடலாம்?" நான் தச்சு வேலை தெரிஞ்ச ஆள் இல்லை, பழைய கதை சொல்ற ஆள். ஆனா இந்தக் கேள்விக்குள்ள நூறு வருஷத்துக்கும் மேலான கதை ஒண்ணு இருக்கு. அதான் இன்னைக்கு.

இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் ஹை விக்கம் என்று ஓர் ஊர். சுற்றிலும் சில்டர்ன் குன்றுகள், குன்றெல்லாம் பீச் மரக் காடு. அந்த மரத்தை நம்பி ஊரே நாற்காலி செய்தது. ஆரம்பத்தில் கடைசல்காரர்கள் காட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, காலால் மிதித்து நாற்காலிக் கால்களைக் கடைந்தார்கள். பச்சை மரம், பெரிய பெரிய சுருள், திறந்த வெளி. பிறகு வேலை தொழிற்சாலைக்குள் போனது. காய்ந்த மரம், வேகமான ரம்பம், தேய்க்கிற இயந்திரம். சுருள் போய் மாவு வந்தது.

1960களில் அந்த ஊரில் காது-மூக்கு-தொண்டை மருத்துவராக இருந்த எஸ்தர் ஹாட்ஃபீல்ட் ஒண்ணைக் கவனிச்சார். மூக்கின் உள்ளே வரும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் ரொம்ப அபூர்வம். ஒரு மருத்துவர் வாழ்நாளில் ஒண்ணு ரெண்டு பார்த்தாலே பெரிசு. அது இவரிடம் திரும்பத் திரும்ப வருது, வர்றவங்க மரச்சாமான் தொழிலாளிகளா இருக்காங்க. ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்ட் மக்பெத்தும் இதைப் பார்த்திருந்தார். டொனால்ட் அச்செசனும் சேர்ந்து கணக்கெடுத்து, 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அடுத்த வருஷமே பிரிட்டன் இதைத் தொழில்சார் நோயாக ஏற்றது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை முதல் வகையில், புகையிலைப் புகை இருக்கிற அதே வகையில் வைத்தது. ஆபத்து சமம்னு அர்த்தம் இல்லை; ஆதாரம் அவ்வளவு உறுதின்னு அர்த்தம்.

இதுல எனக்கு உறுத்துறது என்னன்னா, தூசியைப் பிடிக்கிற கருவி அப்போ புதுசே இல்லை. 1885இல் அமெரிக்காவில் ஜான் ஃபின்ச் என்பவர் சைக்ளோனுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். காற்றைச் சுழல வைத்தால் கனமான தூள் சுவரோரம் ஒதுங்கிக் கீழே விழும், அவ்வளவுதான் விஷயம். ஆனா ரொம்ப காலத்துக்குத் தூசின்னா தீ பயம், குப்பை பயம். 1878இல் மினியாபொலிஸில் வாஷ்பர்ன் மாவு மில் தூசியால் வெடித்து 18 பேர் செத்தாங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்சது. மூக்குக்குள்ள போன மாவு தெரிய இன்னும் தொண்ணூறு வருஷம் ஆச்சு.

சரி, குழாய்க்கு வருவோம். வீட்டு மெஷின்களின் வாய் பெரும்பாலும் 4 இஞ்ச். சுருளை அள்ள அது போதும். மரத்தூள் குழாயில் தங்காமல் ஓட காற்று நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில் போகணும். அந்த வேகத்தில் 4 இஞ்ச் குழாய் கடத்துறது நிமிடத்துக்கு 350 கன அடி காற்று. 6 இஞ்ச்னா 785. விட்டம் ஒன்றரை மடங்கு, கொள்ளளவு ரெண்டேகால் மடங்கு. அமெரிக்காவில் பில் பென்ட்ஸ் என்பவர் மரத்தூசியால் தன் உடம்பு கெட்ட பிறகு சைக்ளோன் வடிவமைப்பையும் குழாய்க் கணக்கையும் இலவசமாவே வெளியிட்டார். நுண்தூசியைப் பிடிக்கணும்னா பெரிய மெஷின்களுக்கு 1,000 கன அடி அளவுக்கு வேணும் என்பது அவர் வாதம். வீட்டுப் பட்டறைக்காரர்கள் 6 இஞ்சுக்கு மாறினதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன். ஆனா மோட்டார் சின்னதா இருந்து குழாயை மட்டும் பெரிசாக்கினா வேகம் செத்துப்போய், தூள் நடுவழியிலேயே படுத்துடும்.

அப்புறம் பிவிசியா தகரமான்னு ஒரு சண்டை. பிவிசியில் நிலை மின்சாரம் ஏறும், பட்டறை வெடிச்சிடும்னு பயமுறுத்துவாங்க. மரத்தூசி வெடிக்க ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 40 கிராம் மிதக்கணும். வீட்டுக் குழாயில் சாதாரணமா அவ்வளவு சேராது. குழாய் மேல செப்புக் கம்பி சுத்தினாலும், பிவிசி மின்சாரம் கடத்தாத பொருள், கம்பி தொட்ட இடம் தவிர மத்த இடத்து மின்சாரம் அங்கேயே இருக்கும். அதிகபட்சம் கையில் சுரீர்னு ஒரு ஷாக். மாவு மில் அளவில் யோசிச்ச பயத்தை வீட்டு ஷெட்டுக்குள்ள கொண்டுவந்துட்டோம்னுதான் தோணுது. தகரத்தில் ஸ்பைரல் குழாய் அருமை, விலை கொஞ்சம் கடிக்கும். ஏசிக்குப் போடுற மெல்லிசுத் தகரம் மட்டும் வேண்டாம். எல்லா கேட்டையும் மூடிட்டு மெஷினைப் போட்டா உறிஞ்சலில் அது சப்பையாயிடும்.

நம்ம ஊர்க் கடையில் கேட்கிறவங்களுக்கு: கழிவுநீர் பிவிசியில் 110 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட அந்த 4 இஞ்ச், 160 மில்லிமீட்டர் அந்த 6 இஞ்ச். மெஷினின் வாய் 4 இஞ்சாவே இருந்தா குழாயை மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்லை, வாயையும் வெட்டிப் பெரிசாக்கணும். 90 டிகிரி வளைவு ஒண்ணுக்குப் பதிலா 45 ரெண்டு. கிளை பிரியுற இடத்தில் டீ வேண்டாம், ஒய். நெளிநெளியா வளையுற ஹோஸ் காற்றை ரொம்பத் தடுக்கும், அதனால மெஷினுக்குப் பக்கத்தில் கடைசி ரெண்டு மூணு அடிக்கு மட்டும்.