மேளமும் ஒலிபெருக்கியும்

1992 ஜூலை 1ஆம் திகதி, ஜனாதிபதி பிரேமதாசவின் ஆட்சிக்கு எதிராக எதிர்க்கட்சியினர் நடத்திய ‘ஜன கோஷ’ போராட்டம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். மேளம் அடிப்பது, மணி ஒலிப்பது, வாகன ஹோர்ன்களை அலறவிடுவது, சட்டி பானைகளைத் தட்டுவது. எதிர்ப்பின் வடிவமே இரைச்சல்தான்! அதையும் பொலிஸார் விட்டுவைக்கவில்லை. பங்குபற்றிய ஒருவர் அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தொடர்ந்தார்.

1993இல் தீர்ப்பளித்த நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, பேச்சுச் சுதந்திரம் வாய்ச்சொல்லோடு முடிந்துவிடுவதில்லை என்றார். மேளச் சத்தமும் அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பாதுகாக்கும் கருத்து வெளிப்பாடே. அமைதியான எதிர்ப்பை இன்று நசுக்கினால் அது பின்னொரு நாள் வன்முறையாக வெடிக்கும் என்றும் எச்சரித்தார். 1971ஐயும் 1989ஐயும் கண்ட, வடக்கு கிழக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்டில் அது வெறும் சட்ட வாசகமன்று.

ஆனால், நோயாளியும் கைக்குழந்தையும் உறங்கும் வீட்டுக்கு அருகே, நள்ளிரவில் என்றால்? வெலிகம பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், 2007இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம், பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது எனப் பணித்தது. விசேட சமய வைபவங்கள் போன்றவற்றுக்கு விலக்கு.

இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல. நேரத்தையும் ஒலியின் அளவையும் வரையறுக்கலாம். யாருடைய மேளம் என்று பார்ப்பதே ஆபத்து. ஒலிபெருக்கிக்கான அனுமதிப் பத்திரத்தைப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் வழங்குபவர்களோ பொலிஸார். 1992இல் மேளத்தை நிறுத்தச் சென்றவர்களும் அவர்களே.