மூட்டை மாறியது, மாநிலமே விஷம் குடித்தது

மாடு பாலைக் குறைத்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? கண்ணேறு என்கிறோம். மடிநோயோ என்று மடியைத் தடவிப் பார்க்கிறோம். வெயில் தாங்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். கடையிலிருந்து வந்த தீவன மூட்டையைச் சந்தேகப்படுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அப்படிச் சந்தேகப்பட்ட ஒரு விவசாயியின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். கதை என்றேனே தவிர, அவ்வளவும் நடந்த சரித்திரம். நடந்த இடம் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் மாநிலம். வருஷம் 1973.

அந்த மாநிலத்தில் ஒரு ரசாயனக் கம்பெனி இருந்தது. அது இரண்டு பொருள்களைத் தயாரித்து விற்றது. ஒன்று மக்னீசியம் ஆக்ஸைடு. தானியம் அதிகம் தின்னும் கறவை மாடுகளுக்கு வயிற்றில் புளிப்பு ஏறாமலிருக்க, தீவனத்தில் கொஞ்சம் கலப்பார்கள். இதற்கு ‘நியூட்ரிமாஸ்டர்’ என்று பெயர். மற்றது பி.பி.பி. என்ற புரோமின் சேர்ந்த ரசாயனம். பிளாஸ்டிக் சாமான் சுலபமாகத் தீப்பிடிக்காமலிருக்க அதில் சேர்ப்பது. இதற்குப் பெயர் ‘ஃபயர்மாஸ்டர்’. பெயரும் ஏறக்குறைய ஒன்று, தூளும் பார்வைக்கு ஒன்றுபோல. அந்தச் சமயம் அச்சடித்த பைகள் கிடைக்கவில்லை. சாதாரணப் பழுப்புக் காகிதப் பைகளில் பெயரை மட்டும் மையால் பொறித்து அனுப்பினார்கள்.

வந்தது வினை. மாட்டு மருந்து போகவேண்டிய தீவன ஆலைக்கு, தீத்தடுப்புத் தூள் போய்ச் சேர்ந்தது. எத்தனை மூட்டை என்கிறீர்கள்? 10லிருந்து 20க்குள் இருக்கும் என்பது கணக்கு. மூட்டைக்கு 23 கிலோ எடை. ஆலையில் யாரும் பெயரைக் கவனித்துப் படிக்கவில்லை. தூள் தீவனத்தில் கலந்தது. தீவனம் மாநிலம் முழுவதும் போனது. கலக்கிய இயந்திரத்தில் ஒட்டியிருந்த மிச்சம், அடுத்தடுத்து அரைத்த பன்றித் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் கலந்தது.

பேட்டில் கிரீக் என்ற ஊர்ப் பக்கத்தில் ஃபிரெடெரிக் ஹால்பர்ட் என்றொரு பால் பண்ணைக்காரர். 1973 செப்டம்பரில் அவருடைய மாடுகள் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கின. பால் மளமளவென்று இறங்கியது. சில மாடுகளுக்கு ரோமம் உதிர்ந்தது, தோல் தடித்தது. குளம்பு கண்டபடி நீண்டு வளைந்தது. சினை மாடுகள் கன்று வீசின. வைத்தியர்கள் வந்தார்கள், பார்த்தார்கள். நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை.

ஹால்பர்ட் ரசாயனப் பொறியியல் படித்தவர். சந்தேகம் தீவனத்தின் மேல் விழுந்தது. சில கன்றுகளுக்கு அந்தத் தீவனத்தை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார். அவற்றில் சில செத்தன. ஆனாலும் என்ன விஷம் என்று தெரியவேண்டுமே! கைக்காசைச் செலவழித்து ஒவ்வொரு ஆய்வுக்கூடமாகத் தீவன மாதிரியை அனுப்பினார். மாதங்கள் ஓடின. கடைசியில், 1974 ஏப்ரலில், பெல்ட்ஸ்வில் என்ற இடத்திலுள்ள மத்திய வேளாண்மைத் துறை ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி ஜார்ஜ் ஃப்ரைஸ், இது பி.பி.பி. என்று கண்டு சொன்னார். அவர் அதற்கு முன்பே இந்த ரசாயனத்தை ஆராய்ந்தவர். அதனால் அடையாளம் தெரிந்தது.

இதற்குள் முக்கால் வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அத்தனை நாளும் அந்தப் பாலும், முட்டையும், இறைச்சியும் சந்தைக்குப் போய்க்கொண்டுதானே இருந்தன! மற்ற பண்ணைகளிலும் மாடுகள் நலிந்தன. ஆனால் முறையிட்ட விவசாயிகளுக்குக் கிடைத்த பதில், “வேறு யாருக்கும் இந்தத் தொல்லை இல்லையே, உங்கள் பராமரிப்பில்தான் ஏதோ கோளாறு” என்பது. ஒவ்வொருவரும் குறை தன்னுடையது என்று எண்ணி வாய்மூடி இருந்தார்கள்.

பிறகு 500க்கு மேற்பட்ட பண்ணைகளுக்குத் தடை போட்டார்கள். சுமார் 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் கொன்று புதைத்தார்கள். ஆயிரக்கணக்கான பன்றிகளும் செம்மறிகளும் போயின. 50 லட்சம் முட்டைகள் அழிக்கப்பட்டன. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மாடுகளை லாரியில் ஏற்றி, கல்காஸ்கா என்ற இடத்துக் குழிக்கு அனுப்பும்போது அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் சொல்லவேண்டியதில்லை. மாடு வளர்க்கிற உங்களுக்கே புரியும்.

இந்த விஷத்தின் குணம் என்னவென்றால், அது சாணத்தோடு சீக்கிரம் கழிந்து போவதில்லை. உடம்பிலுள்ள கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்கிறது. பாலில் வெண்ணெய்ச் சத்தோடு சேர்ந்து இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. பாலைக் குடித்த மனிதர் உடம்பிலும் அதே மாதிரி தங்கிவிடுகிறது. 1976ல் மக்கள் நெருக்கமாக வாழும் தென் மிச்சிகனில் தாய்ப்பாலைச் சோதித்தார்கள். சோதித்த தாய்மார்களில் மிகப் பெரும்பாலோரின் பாலில் பி.பி.பி. இருந்தது. மாட்டுத் தொட்டியில் விழுந்தது, பச்சைக் குழந்தையின் வாய்வரை வந்துவிட்டது பாருங்கள்! பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த மாநிலத்தாரின் ரத்தத்தில் அதைக் காண்கிறார்கள். உடல்நலனையும் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள்.

யாரும் வேண்டுமென்று செய்த காரியமல்ல. பெயரைப் படிக்காத ஒரு நிமிஷம், கேட்டவர்களுக்குச் சரியான பதில் சொல்லாத சில மாதங்கள். இவ்வளவுதான் காரணம்.

நமக்கு இதில் என்ன பாடம்? மூட்டையைப் பிரிக்குமுன் அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பெயரில்லாத, தேதியில்லாத மூட்டை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஒவ்வொரு புது மூட்டையிலும் இரண்டு கை தீவனம் எடுத்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு, வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். நாளை சந்தேகம் வந்தால் சாட்சி சொல்ல அதுதான் இருக்கும். ஹால்பர்ட்டிடம் அனுப்புவதற்குத் தீவனம் மிச்சமிருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. பால் கூடும் என்று யாராவது ஒரு பொட்டலம் தூளை நீட்டினால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தொட்டியில் போடாதீர்கள்.

இன்னொன்று. புது மூட்டை பிரித்த பிறகு மாடு முகத்தைத் திருப்பினால், அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டாரிடம், “உங்க மாடு எப்படி இருக்கு?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். காரணம் தெரிகிறவரை அந்தப் பாலைச் சொசைட்டி கேனில் ஊற்றாதீர்கள். ரெண்டு நாள் காசு போகும், வாஸ்தவம்தான். ஆனால் அந்தக் கேனில் இருப்பது யாரோ ஒரு குழந்தையின் பால் அல்லவா?