பெயர் ஓரிடம், கச்சேரி ஓரிடம்

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்குக் கழுத்து வரை கடன். அவருக்காகப் போரிட்ட கிழக்கிந்திய கம்பெனி செலவுக் கணக்கை நீட்டியது. 1763இல் மதராஸைச் சுற்றியிருந்த நாட்டுப்புறத்தை ஜாகீராக, அதாவது வரி வசூல் உரிமையோடு, எழுதிக் கொடுத்தார் நவாப். பாலாற்றங்கரை வயல்களும் வங்கக் கடலோர ஊர்களும் கம்பெனியின் கைக்குப் போயின. அந்த ஊர்களுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கம்பெனிக்குத் தெரியவில்லை.

கம்பெனிக்காக அளக்கப் புறப்பட்டார் தாமஸ் பர்னார்ட். 1767 தொடங்கி 1774 வரை, சுமார் 2,000 ஊர்கள். கணக்குப்பிள்ளைகள் ஓலைச்சுவடிகளைப் பிரித்தபோது ஓர் ஆட்சிமுறையே வெளிப்பட்டது. களத்தில் நெல் குவிந்ததும், அரசுப் பங்கைப் பிரிப்பதற்கு முன்பே ஏரிக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, தச்சருக்கு, வெட்டியானுக்கு, கணக்குக்கு இவ்வளவு என்று ஊரே ஒதுக்கியது. கலெக்டர் என்ற சொல்லே காதில் விழாத காலத்து ஊராட்சி அது! அளவை முடிந்து ஆறே ஆண்டுகளில் மைசூரிலிருந்து குதிரைப்படை கிளம்பியது.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லி படை மைசூரின் ஹைதர் அலியிடம் நிர்மூலமானது. சுற்றுப்புற ஊர்கள் காலியாயின. ஏரிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

1794இல் வந்த கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரிகளைத்தான் முதலில் கவனித்தார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையப்போன மழை இரவில், ராமனும் லட்சுமணனும் வில்லோடு காவல் நின்றதை அவர் கண்டதாக ஏரிகாத்த ராமர் கோயில் வரலாறு சொல்கிறது. கரை நின்றது. ஜாகீரும் செங்கல்பட்டு ஜில்லா ஆனது. ஆனால் கலெக்டர் கச்சேரி, அதாவது அலுவலகம், மட்டும் செங்கல்பட்டுக்கு வந்து நிலைக்கவில்லை.

சில காலம் கருங்குழி, சில காலம் காஞ்சிபுரம், 1859 முதல் சைதாப்பேட்டை. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லா போர்டு அமைந்து சாலை, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் அதன் பொறுப்பாயின. ‘போர்டு ஸ்கூல்’ என்ற பேச்சு வழக்கு அப்படி வந்ததுதான். 1958 பஞ்சாயத்துச் சட்டம் ஜில்லா போர்டுகளுக்கு முடிவு கட்டியது. 1968இல் கச்சேரி மறுபடியும் காஞ்சிபுரம் போனது. மாமல்லபுரத்துக்காரர் திருக்கழுக்குன்றத்தையும் செங்கல்பட்டையும் கடந்து, அதற்கப்பாலும் போய் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. பெயராவது மிஞ்சியிருந்தது. 1997 ஜூலை 1 அன்று அதுவும் போயிற்று: காஞ்சிபுரம், திருவள்ளூர் என ஜில்லா இரண்டானது.

அந்தப் பெயரில் ஜில்லா இல்லாமல் 22 ஆண்டுகள். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்துச் சிற்பங்களுக்கு நடுவே நடந்தபோதுகூட அது காஞ்சிபுரம் மாவட்டம்தான். ஏழே வாரம் கழித்து, நவம்பர் 29 அன்று, செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தது. பெயர் தந்த ஊரே கடைசியில் தலைநகரமானது.

அதற்குள் இன்னொரு முட்டுக்கட்டை. புதிதாகப் பிரிந்த பகுதிகளில் வார்டு எல்லைகளை வரையறுக்காமல் ஊரக உள்ளாட்சித் தேர்தல் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். செங்கல்பட்டு உட்பட ஒன்பது மாவட்டங்கள் காத்திருந்தன. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. செங்கல்பட்டின் முதல் மாவட்ட ஊராட்சி அப்போதுதான் பொறுப்பேற்றது.